பழைய அம்பாசடருக்கு ரேடியேட்டர் தேடுகிறீர்களா? புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்ற கோடையில் புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் வழியில், கிருமாம்பாக்கத்தைத் தாண்டியதும் என் அம்பாசடரின் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. 1984இல் அப்பா வாங்கிய மார்க் 4 பெட்ரோல் வண்டி. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் தூக்கினால், ரேடியேட்டரின் கீழ்த்தொட்டி ஓரத்தில் பச்சை பூத்திருந்த ஒரு கீற்றிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. அன்று நின்ற வண்டி மறுபடி சாலைக்கு வர ஏழு வாரம் ஆனது. பத்து நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

ஏழு வாரம் இழுத்ததற்குக் காரணம், முதல் வாரத்தில் நான் செய்த ஒரு காரியம். "பழையதைக் கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்கிறோம்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி, கழற்றிய ரேடியேட்டரைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி வந்தேன். புதியது வண்டியில் உட்காரவில்லை. திரும்பிப் போவதற்குள் பழையது இரும்புக் கடைக்குப் போய்விட்டது. செம்பு, பித்தளைக் குவியலுக்கு நடுவே அதைத் தேடிப் பிடித்து, பணம் கொடுத்து மீட்டு வந்தேன். அன்றே உடைத்துப் பிரித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

எனவே, மற்ற எதையும் படிக்க நேரமில்லை என்றாலும் இதை மட்டும் மனத்தில் வையுங்கள்: புதிய ரேடியேட்டர் பொருந்தி, வண்டி நூறு கிலோமீட்டர் ஓடும்வரை பழையதை யாரிடமும் கொடுக்காதீர்கள். என்ன விலை சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

நான் எழுதுவது அம்பாசடரை வைத்து. பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் அளவுகளைத் தவிர மற்றவை பொருந்தும்.

1. ரேடியேட்டர்தான் காரணமா என்று முதலில் பாருங்கள்

வண்டி சூடானதும் ரேடியேட்டர் மேல் பழி போடுவது வழக்கம். கொஞ்சம் பொறுங்கள். என்ஜின் முழுவதும் ஆறட்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா? மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் அழுத்திப் பாருங்கள். பஞ்சுபோல அமுங்கினாலும் கல்போல இறுகியிருந்தாலும் மாற்ற வேண்டும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா? வாட்டர் பம்பின் அடியில் சொட்டுத் தடம் இருக்கிறதா? தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றி, அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் கொதிநிலையை எட்டும் முன்பே அது வாய் திறக்க வேண்டும். என்னுடையதில் 82 டிகிரி என்று பொறித்திருந்தது. கொதித்த பிறகும் திறக்கவில்லை என்றால் சில நூறு ரூபாயில் உங்கள் பிரச்சினை தீரலாம்.

சில மெக்கானிக்குகள் "நம் ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதற்கு" என்று எடுத்து எறிந்துவிடுவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அது இல்லாமல் என்ஜின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரமாகும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும்.

அடுத்து, மூடியைத் திறந்துவைத்து, ஆறிய என்ஜினை ஓட்டிப் பாருங்கள். ரேடியேட்டர் கழுத்தில் ஓயாமல் குமிழி வந்தாலோ, எஞ்சின் ஆயில் மூடியின் அடியில் பால் கலந்ததுபோல் படிந்திருந்தாலோ, ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்யாமல் ரேடியேட்டர் வாங்கினால் பணம் வீண்.

ஒழுகல் சிறியது என்றால் மஞ்சள் தூள் போடச் சொல்வார்கள். நெடுஞ்சாலையில் நடுராத்திரியில் வீடு சேர அது உதவும். எனக்கும் ஒருமுறை உதவியிருக்கிறது. ஆனால் அந்தத் தூள் குழாய்களுக்குள் போய்ச் சேறாகிவிடும். வீடு வந்ததும் முழுத் தண்ணீரையும் இறக்கிக் கழுவிவிடுங்கள். ஒழுகலை அடைக்கும் பாட்டில் மருந்துகளுக்கும் இதே நியாயம்தான்.

2. காகிதங்களை எடுத்து வையுங்கள்

உதிரிபாகம் வாங்கக் காகிதம் எதற்கு என்று நானும் நினைத்தேன். மூன்று இடங்களில் தேவைப்பட்டது.

முதலாவது ஆர்.சி. புத்தகம். கடைக்காரர் "எந்த வருஷம், எந்த என்ஜின்" என்றுதான் முதலில் கேட்பார். அம்பாசடரில் 1489 சிசி பெட்ரோல் உண்டு, அதே அளவில் டீசல் உண்டு, 1990களில் வந்த 1.8 லிட்டர் இசுசு நிறுவன என்ஜின் உண்டு. மூன்றையும் ஒன்றாக எண்ணி வாங்கக் கூடாது. பல வண்டிகளில் இடையில் யாரோ என்ஜினை மாற்றியிருப்பார்கள். ஆகவே புத்தகத்தில் உள்ள என்ஜின் எண்ணையும் என்ஜின் மேல் பொறித்துள்ள எண்ணையும் ஒப்பிட்டுக்கொண்டு கிளம்புங்கள். ரேடியேட்டரை மாற்றுவதை ஆர்.சி.யில் பதிய வேண்டியதில்லை. என்ஜின் எண் ஒத்துப்போகவில்லை என்றால் அது தனிப் பிரச்சினை, அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சரிசெய்ய வேண்டும்.

அதே புத்தகத்தில் பதிவு எதுவரை செல்லும் என்ற தேதியையும் பாருங்கள். பதினைந்து ஆண்டு கடந்த சொந்தக் கார்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒழுகும் வண்டியை அங்கே எப்படி ஓட்டிச் செல்வது? தேதி நெருங்கியிருந்தால் தேடலை இன்றே தொடங்குங்கள்.

இரண்டாவது, ஆதார் நகலும் ஒரு கடிதமும். பழைய ரேடியேட்டரை வெளியூருக்கு லாரி பார்சலில் அனுப்பும்போது, "இது என் சொந்தக் காரின் பழைய பாகம், பழுது நீக்க அனுப்புகிறேன், விற்பனைக்கு அல்ல" என்று வண்டி எண், உத்தேச மதிப்புடன் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். புதுச்சேரியிலிருந்து கிளம்பும் எந்தச் சரக்கும் சில கிலோமீட்டரிலேயே தமிழ்நாட்டு எல்லைக்குள் போய்விடுகிறது. கையில் ஒரு தாள் இருப்பது நல்லது.

மூன்றாவது, பில். பழைய பாகச் சந்தையில் வாங்கினாலும் பில் கேளுங்கள். திருட்டு வண்டியிலிருந்து கழற்றியதல்ல என்பதற்கு உங்களிடம் உள்ள ஒரே சான்று அதுதான். புதிய பாகம் என்றால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 2025 செப்டம்பர் 22க்கு முன்பு 28 ஆக இருந்தது. யாராவது பழைய கணக்கில் விலை சொன்னால் கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸை நம்பாதீர்கள். விபத்தில் நசுங்கினால் முழு பாலிசியில் கிடைக்கும்; வயதாகி ஒழுகியதற்குக் கிடைக்காது.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021இல் வந்த விதிப்படி அத்தகைய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவுசெய்துகொள்ளலாம், எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த எண்ணம் உங்களுக்கு இருந்தால், முன்பக்கத்தை வெட்டி வேறு காரின் ரேடியேட்டரைத் திணிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

3. கழற்றும் முன்பே அளவெடுங்கள்

இந்த வேலைக்கு ஒரு முழுக் காலை நேரத்தை ஒதுக்குங்கள். ஒரு டேப், ஒரு வெர்னியர் (விட்டம் அளக்கும் கருவி), ஒரு நோட்டு போதும். வெர்னியர் இல்லையென்றால் பக்கத்து லேத் பட்டறையில் கேளுங்கள்.

வண்டியில் இருக்கும்போதே எடுக்க வேண்டிய அளவு ஒன்று உண்டு. அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஃபேன் இறக்கைக்கும் ரேடியேட்டரின் பின்பக்கத்துக்கும் எவ்வளவு இடைவெளி? என் வண்டியில் மேலே இரண்டு விரல் நுழைந்தது, கீழே ஒன்றரை விரல்தான். என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் ஒரு பக்கம் அமுங்கிப்போயிருந்ததுதான் காரணம். மவுண்ட் அமுங்கினால் ஒரு நாள் ஃபேன் போய் ரேடியேட்டரை உரசிக் கிழிக்கும். இந்த இடைவெளியை மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்தில் குறியுங்கள்.

பிறகு கழற்றித் தரையில் கிடத்தி, இவற்றை எடுங்கள். மேல், கீழ்த் தொட்டிகளைச் சேர்க்காமல் நடுவில் உள்ள கோரின் (மெல்லிய குழாய்களும் தகடுகளும் சேர்ந்த பகுதி) உயரம், அகலம், கனம். கோரில் எத்தனை வரிசைக் குழாய்கள் என்பது (மேல் கழுத்து வழியாக டார்ச் அடித்தால் குழாய்களின் வாய் தெரியும், எண்ணலாம்). மேல் குழாய், கீழ்க் குழாய் இரண்டின் வெளிவிட்டம். அவை நடுவிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் விலகி, எந்தப் பக்கமாக இருக்கின்றன? என்னை ஏமாற்றியது இதுதான். நான் வாங்கி வந்த புதிய ரேடியேட்டரில் எல்லாம் சரியாக இருந்தது. கீழ்க் குழாய் மட்டும் மறுபக்கம் இருந்தது. கடையில் நின்று பார்க்கும்போது முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று குழம்பிவிட்டது. "ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும்போது வலம்" என்று எழுதிவைத்திருந்தால் அந்தக் குழப்பம் வந்திருக்காது. சாக்பீஸால் ரேடியேட்டர் மேலேயே 'ஓட்டுநர் பக்கம்' என்று எழுதிப் படம் எடுத்துவிடுங்கள்.

போல்ட் துளைகளை மையத்திலிருந்து மையத்துக்கு அளந்துகொள்ளுங்கள். மூடிக் கழுத்தின் விட்டம், ஆழம். தண்ணீர் இறக்கும் குழாய் எந்தப் பக்கம். வழிந்தோடும் சிறு குழாய் எங்கே. பழைய காலண்டர் தாள் ஒன்றை ரேடியேட்டர் மேல் விரித்து, விளிம்புகளையும் துளைகளையும் பென்சிலால் தேய்த்து எடுத்தால் முழு அளவில் ஒரு வரைபடம் கிடைக்கும். கடைக்குக் கொண்டுபோக அதைவிட நல்ல ஆவணம் இல்லை. நான் இரண்டாவது முறை போனபோது அந்தத் தாளைக் கடை மேசையில் விரித்தேன். கடைக்காரர் தன்னிடம் இருந்ததை அதன் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம் சார், உங்கள் வண்டிக்கு ஆகாது" என்று அவராகவே சொல்லிவிட்டார். ஒரு பயணமும் ஒரு சண்டையும் மிச்சம்.

மூடியின் மேல் ஓர் எண் இருக்கும்: 4, 7 என்பதுபோல. அது அழுத்த அளவு, பி.எஸ்.ஐ. கணக்கில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதையும் எழுதுங்கள். இதைப் பற்றிக் கீழே இன்னும் சொல்கிறேன்.

4. எந்த வழி என்று முடிவெடுங்கள்

உங்கள் முன் இருக்கும் வழிகள் நான்கு.

ஒழுகும் இடத்தில் மட்டும் ஈயம் பற்றவைப்பது. தொட்டி ஓரத்தில் ஒரே இடத்தில் விரிசல், கோர் நன்றாக இருக்கிறது என்றால் இது போதும். செலவு நூற்றுக் கணக்கில் முடியும். கோரின் தகடுகளை நகத்தால் கீறிப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் ஈயம் வைத்துப் பயனில்லை. கடற்கரை ஊரில் நாற்பது ஆண்டு இருந்த ரேடியேட்டர் பெரும்பாலும் உதிரும், உப்புக்காற்று தின்றுவிட்டிருக்கும்.

இரண்டாவது, மறு கோர் போடுவது. உங்கள் பழைய ரேடியேட்டரின் பித்தளைத் தொட்டிகளையும் பக்கச் சட்டங்களையும் வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள கோரை மட்டும் புதிய செம்பு, பித்தளைக் கோராக மாற்றுவார்கள். நான் இறுதியில் செய்தது இதுதான். பழைய வண்டிக்காரர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். தொட்டி உங்களுடையது, குழாய் உங்களுடையது, துளை உங்களுடையது. பொருந்துமா என்ற கேள்வியே எழாது. மறுபடி ஒழுகினால் நம் ஊர் பட்டறையிலேயே ஈயம் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, புதிதாகச் செய்து விற்கும் முழு ரேடியேட்டர். அம்பாசடர் 2014வரை உற்பத்தியானதால் இன்னும் கிடைக்கிறது. பத்மினிக்கும் தேடினால் கிடைக்கும். ஹெரால்டுக்காரர்கள் இந்த வழியில் அதிக நாளை வீணாக்க வேண்டாம், நேராக மறு கோருக்குப் போங்கள். புதியது வாங்கினால் தகட்டின் கனம், வரிசை எண்ணிக்கை இரண்டையும் உங்கள் பழையதோடு ஒப்பிடுங்கள். அலுமினியத்தில் செய்ததும் கிடைக்கும். எடை குறைவு, சூட்டையும் நன்றாகவே தணிக்கும். ஆனால் ஈயம் வைத்துப் பழுது நீக்க முடியாது, ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரைத் தேட வேண்டும். நான் அதை விரும்பவில்லை.

நான்காவது, கழற்றிய பழையது. கோருக்காக அல்ல, தொட்டிக்காக மட்டும் வாங்குங்கள். உங்கள் தொட்டி வெடித்து ஓட்டையாகிவிட்டது என்றால், பழைய ஒன்றை வாங்கி அதன் தொட்டியைப் பயன்படுத்தி மறு கோர் போடலாம். கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கனமாக இருப்பதன் உள்ளே உப்புப் படிந்திருக்கிறது.

5. எங்கே தேடுவது

புதிய கார்களைப் பழுது பார்க்கும் இடங்களுக்குப் போகாதீர்கள். அங்கே பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரைக் கழற்றி மாட்டத்தான் தெரியும். ஈயம் வைப்பவர் இருக்க மாட்டார். உங்களுக்கு வேண்டியவர் லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் ரேடியேட்டர்களைப் பார்ப்பவர்.

புதுச்சேரியில் மேட்டுப்பாளையம் லாரி முனையத்தைச் சுற்றியும், அங்கிருந்து வில்லியனூர் பக்கமும் விசாரியுங்கள். கடலூரில் முதுநகர் பக்கம் லாரி வேலை செய்யும் பட்டறைகளில் கேளுங்கள். நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் கரும்பு ஏற்றும் டிராக்டர்களுக்கு வேலை செய்பவர்களிடம் விசாரித்தால் வழி கிடைக்கும். பெயர்ப் பலகையை நம்பித் தேடாமல், நின்றிருக்கும் லாரி ஓட்டுநரிடம் "அண்ணே, ரேடியேட்டருக்கு யாரிடம் போவீர்கள்?" என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே போங்கள். என் ரேடியேட்டருக்கு உயிர் கொடுத்தவரை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

நேரம் முக்கியம். புதுச்சேரியில் மதியம் ஒன்றரை மணிக்குப் பூட்டும் கடைகள் நான்கு மணிக்குத்தான் திறக்கும். கடலூரிலிருந்து கிளம்புபவர்கள் காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் எல்லா லாரிகளும் சூடாகி இந்தப் பட்டறைகளில்தான் நிற்கும். முடிந்தால் ஜனவரி, பிப்ரவரியில் வேலையைக் கொடுங்கள். ஆயுத பூஜையை ஒட்டிய வாரத்தில் கொடுக்காதீர்கள்.

உள்ளூரில் முடியவில்லை என்றால் சென்னை. புதிய உதிரிபாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, கழற்றிய பாகத்துக்குப் புதுப்பேட்டை. இரண்டும் ஒன்றுக்கொன்று அருகில் என்பதால் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பஸ்ஸில் போய்வர ஒரு முழு நாள் ஆகும். பெங்களூரு ஜே.சி. ரோடு, டில்லி காஷ்மீரி கேட், கொல்கத்தா மல்லிக் பஜார் என்று அம்பாசடர் பாகங்களுக்குப் பெயர் பெற்ற சந்தைகள் உண்டு. நேரில் போக முடியாதவர்கள் தொலைபேசியில்தான் வாங்க வேண்டும், அங்கேதான் ஏமாற்றம் அதிகம்.

தொலைபேசியில் வாங்குவதானால், "எல்லா அம்பாசடருக்கும் ஒன்றுதான்" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். உங்கள் காலண்டர் தாள் படத்தையும் அளவுகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதன் பக்கத்தில் அவருடைய ரேடியேட்டரை டேப்புடன் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா, பார்சல் கூலி யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்ப வேண்டாம். நான் முதலில் வாங்கிய கடையில் வாய்ப்பேச்சு மட்டும்தான் இருந்தது. பாதிப் பணம்தான் திரும்பி வந்தது.

பார்சலில் அனுப்பும்போது கோரின் இரு பக்கமும் பிளைவுட் பலகை வைத்துக் கயிற்றால் கட்டி, அதன் மேல் சாக்கு தைத்து அனுப்புங்கள். வெறும் அட்டைப்பெட்டியில் போனால் கீழ்க் குழாய் வளைந்துதான் வரும். லாரி நிறுவனம் தரும் எல்.ஆர். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

6. பட்டறையில் கூடவே நில்லுங்கள்

ரேடியேட்டரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். குறைந்தது இரண்டு தருணங்களில் அங்கே இருங்கள்: பிரிக்கும்போதும், சோதிக்கும்போதும்.

எங்கள் மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கேஸ் சுடரை மேல்தொட்டியின் ஓரத்தில் ஒரே சீராக நகர்த்திக்கொண்டே போனார். பழைய ஈயம் வெள்ளி மணிகளாகத் திரண்டு உருண்டது; குறட்டால் மெல்லத் தூக்கியதும் தொட்டி மூடிபோலக் கழன்று வந்தது. உள்ளே குழாய் வாய்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்பும் துருவும் அடைத்திருந்தன. விரலால் ஒன்றைச் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். "இது ரேடியேட்டர் தப்பில்லை தம்பி, நீங்கள் ஊற்றிய தண்ணீர்" என்றார். ஆண்டுக்கணக்காக வீட்டு போர்த் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தோம். எங்கள் தெருவில் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது.

பட்டறையில் நீங்கள் சொல்ல வேண்டியவை நான்கு. கோர் வரிசை பழையபடியே இருக்கட்டும். "ஒரு வரிசை கூட்டிப் போடுகிறோம், நன்றாகக் குளிரும்" என்பார்கள். கோரின் கனம் கூடினால் ஃபேன் இடைவெளி குறையும். நீங்கள் குறித்துவைத்த அளவு இங்கேதான் உதவும். பற்றவைக்கப் பயன்படுத்தும் அமிலத்தை உள்ளும் புறமும் நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். அது தங்கினால் ஓராண்டில் பச்சை பூக்கும். கறுப்புப் பெயின்ட் மெல்லிய ஒரே பூச்சு போதும். கெட்டியாக அடித்தால் சூடு வெளியேறாது.

நான்காவதுதான் மிக முக்கியம்: சோதனை அழுத்தம். குழாய்களை அடைத்து, காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். லாரிக்கு ஏற்றும் பழக்கத்தில் ஏற்றினால் பழைய பித்தளைத் தொட்டி உப்பிவிடும். உங்கள் மூடியில் 7 என்று இருந்தால் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போக வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அமிழ்த்தி ஐந்து நிமிடமாவது வைத்திருக்கச் சொல்லுங்கள். எங்களுடையதில் மூன்றாவது நிமிடத்தில் ஓரத்திலிருந்து கடுகளவு குமிழி ஒன்று கிளம்பியது. மேஸ்திரி எதுவும் பேசாமல் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார்.

7. பொருத்தும் முன் என்ஜினைக் கழுவுங்கள்

இதைச் செய்யாமல் புதிய ரேடியேட்டரை மாட்டினால், என்ஜின் பிளாக்கில் இருக்கும் துரு முழுவதும் இரண்டே மாதத்தில் புதிய கோருக்குள் வந்து குடியேறும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, மேல் வாய் வழியாகத் தோட்டக் குழாயை வைத்துத் தண்ணீரை எதிர்த்திசையில் பாய்ச்சுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகால் குழாயையும் திறந்துவிடுங்கள்; அது அடைத்திருந்தால் கம்பியால் குத்துங்கள். எனக்கு முதல் இரண்டு வாளி செம்மண் குழம்பாகத்தான் வந்தது. தெளிந்த தண்ணீர் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

ஹோஸ், கிளிப், தெர்மோஸ்டாட், அதன் கேஸ்கெட், ஃபேன் பெல்ட் எல்லாவற்றையும் இப்போதே புதிதாகப் போடுங்கள். அமுங்கிய என்ஜின் மவுண்ட் இருந்தால் அதையும்.

மூடி வாங்கும்போது கவனம். கடையில் எடுத்த எடுப்பில் கொடுப்பது இக்காலக் கார்களுக்கான 13 அல்லது 15 பி.எஸ்.ஐ. மூடியாக இருக்கும். கழுத்தில் கச்சிதமாக உட்காரும், அதனால்தான் ஆபத்து. குறைந்த அழுத்தத்துக்குச் செய்த ஈயப் பற்றுகள் அந்த அழுத்தத்தில் விட்டுவிடும். பழைய மூடியில் இருந்த எண்ணே புதியதிலும் இருக்க வேண்டும்.

இனி போர்த் தண்ணீர் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். கூலன்ட்டின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் மாறும். செம்பு, பித்தளை, ஈயப்பற்று உள்ள ரேடியேட்டருக்கு ஏற்றது என்று டப்பாவில் இருக்க வேண்டும். எனக்குச் சுமார் ஏழு லிட்டர் பிடித்தது. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், கடும் நஞ்சு; கீழே சிந்தியதை நாயோ பூனையோ நக்கும் முன் கழுவிவிடுங்கள், மிச்சத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஊற்றும்போது ஹீட்டர் உள்ள வண்டியில் அதன் வால்வைத் திறந்துவையுங்கள். மூடியில்லாமல் என்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும். அதன் பிறகு மூடியைப் போடலாம்.

8. எனக்கு ஆன செலவும் நாட்களும்

இது நான் கொடுத்தது. ஊருக்கும் செம்பு விலைக்கும் ஏற்ப மாறும். கோர், கூலி சேர்த்து மறு கோருக்கு 7,800 ரூபாய். ஹோஸ் இரண்டும் கிளிப்புகளும் 850. தெர்மோஸ்டாட், கேஸ்கெட் 520. மூடி 180. பெல்ட் 300. மவுண்ட் இரண்டு 900. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் 1,100. கழற்றி மாட்டிய மெக்கானிக் கூலி 1,500. ஆக 13,150 ரூபாய். பொருந்தாத ரேடியேட்டரில் இழந்ததும், சென்னைப் பயணங்களும், இரும்புக் கடையில் மீட்டதும் இதில் சேரவில்லை. அவை மட்டும் ஆறாயிரத்தைத் தாண்டின. அந்த ஆறாயிரத்தை நீங்கள் செலவழிக்க வேண்டியதில்லை.

நாள் கணக்கு: அளவெடுக்க ஒரு நாள், பட்டறை தேட இரண்டு நாள், கோர் வெளியூரிலிருந்து வர நான்கு நாள், வேலை ஒரு நாள், கழுவிப் பொருத்த ஒரு நாள். பத்து நாளில் முடிக்கலாம். வேலை தொடங்கும்போது கோர் விலையை மட்டும் முன்பணமாகக் கொடுங்கள், கூலியைச் சோதனை முடிந்து கொடுங்கள்.

9. முதல் மாதத்தில் பார்க்க வேண்டியவை

முதல் பயணம் ஊருக்குள்ளேயே இருக்கட்டும். மறுநாள் காலை, என்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருப்பது இயல்பு, உள்ளே தங்கிய காற்று வெளியேறியிருக்கும். மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால் ஒழுகல் இருக்கிறது. கிளிப்புகளை ஒரு வாரம் கழித்து மறுபடி முறுக்குங்கள். புதிய ரப்பர் அமுங்கி இடம் கொடுத்திருக்கும். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள், சொட்டு எங்கே விழுகிறது என்று அது சொல்லும்.

அதன் பிறகு நெடுஞ்சாலைக்கு எடுங்கள். நான் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் வழியே தென்பெண்ணைப் பாலம்வரை போய்த் திரும்பினேன், மே மாத மதிய வெயிலில். முள் பாதியைத் தாண்டவில்லை. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அப்பாவுக்கு அந்த முள்ளைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "பழைய கோரை எங்கே வைத்திருக்கிறாய்?" கொட்டகையில், சாக்கில் சுற்றி, பரண் மேல் இருக்கிறது.